பொக்காரா – ஜோம்சோம்: இருபது நிமிட விமானமும் ஒரு பகல் சாலையும்

சென்ற ஏப்ரலில், ஈஸ்டர் முடிந்த கையோடு, நானும் எதிர் ஃப்ளாட் விஜயாக்காவும் நேபாளத்தில் இருக்கிற முக்திநாத்துக்குக் கிளம்பினோம். "ஸ்டெல்லான்னு பேர் வெச்சிக்கிட்டு முக்திநாத்தா?" என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் என் ஆபீசில் கேட்காத ஆள் இல்லை. நான் தூத்துக்குடிப் பக்கம். வேலைக்கு வந்து அண்ணனூரில் ஃப்ளாட் வாங்கிய நாளிலிருந்து எனக்கு இந்த ஊரில் சொந்தம் என்றால் விஜயாக்காதான். என் பையன் காய்ச்சலில் கிடந்தபோது வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன். அவன் எழுந்ததும் என்னோடு கூட வந்தவர் அவர். கடற்கரை மணலில் நான் முழங்காலில் போகும்போது பக்கத்திலேயே குடை பிடித்து நடந்தவர். இப்போது அவருக்குத் துணை வேண்டியிருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பிறந்தது திருநின்றவூர். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே அசல் மெட்ராஸ் தமிழ். வைணவத் திருத்தலங்கள் நூற்றெட்டில் இந்தப் பூமியில் இருப்பவை நூற்றாறு. அவற்றில் எழுபதுக்கு மேல் பார்த்துவிட்டார். அந்த வரிசையில் சாளக்கிராமம் என்று சொல்லப்படும் முக்திநாத்தை முட்டி நன்றாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் கணவர் கோவிந்தன் அண்ணன் ஆவடி டிப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "அடுத்தவன் ஸ்டியரிங் புடிச்சா எனக்கு ஒக்கார முடியாது. அதுவும் பிளேனா? நீ போய்ட்டு வாம்மா" என்று ஒதுங்கிக்கொண்டார்.

திட்டம் போட்டது நான்தான். சென்னையிலிருந்து டெல்லி வழியாகக் காத்மாண்டு. மறுநாள் சிறிய விமானத்தில் அரை மணியில் பொக்காரா. அதற்கு மறுநாள் காலை ஜோம்சோம். அங்கே ஓர் இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, அடுத்த நாள் ஜீப்பில் முக்திநாத். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: ஏகாதசி அன்று காலையில் அங்கே இருக்கிற நூற்றெட்டு நீர்த்தாரைகளில் குளித்துவிட்டுப் பெருமாளைச் சேவிக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து அதற்குத் தகுந்த மாதிரிதான் டிக்கெட் போட்டேன்.

விடிவதற்கு முன்பே அண்ணனூரிலிருந்து கால் டாக்ஸி. அந்த நேரத்திலேயே மதுரவாயல் பைபாஸில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் சேர ஒரு மணி பத்து நிமிடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் போகிற நேரம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அம்பத்தூரிலிருந்து திருத்தணிக்கு ரயிலில் போகிற தூரம். வானத்தில் இருபது நிமிடம். சாலையில் அதுவே நூற்றைம்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். எட்டு முதல் பத்து மணி நேரம், மண் சரிந்தால் அதற்கும் மேல்.

அப்படியானால் எல்லோரும் விமானத்திலேயே போக வேண்டியதுதானே என்று தோன்றும். சிக்கல் காற்றில் இருக்கிறது. அன்னபூர்ணா ஒருபக்கம், தவுளகிரி மறுபக்கம், நடுவில் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கு. பகல் ஏற ஏற அந்தச் சந்து வழியாக அடிக்கிற காற்றில் சிறிய விமானங்கள் இறங்க முடியாது. அதனால் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைதான் பறக்கும். அதற்குள் மேகம் விலகாவிட்டால் அன்றைய கதை முடிந்தது.

எங்களுக்கு முதல் நாள் அப்படித்தான் ஆனது. அஞ்சரை மணிக்கே பொக்காரா விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தோம். ஏழு என்றார்கள், எட்டு என்றார்கள், பத்து மணிக்கு ரத்து என்றார்கள். மறுநாளைக்கு இடம் மாற்றித் தந்துவிட்டார்கள், அதில் குறை இல்லை. ஆனால் ஜோம்சோமில் தங்கிப் பழக வேண்டிய அந்த ஓர் இரவு கைவிட்டுப் போனது. அதை அப்போது பெரிய இழப்பாக நான் நினைக்கவில்லை. ஏகாதசியைத் தவறவிடக்கூடாது என்பதுதான் மனதில் இருந்தது.

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பதினெட்டுப் பேர் உட்காரும் விமானம். விமானி கை நீட்டி எதையோ திருகுவது நம் இருக்கையிலிருந்தே தெரிகிறது. அக்கா உள்ளே குனிந்து நுழைந்ததுமே கேட்டார்: "இன்னாடி இது, பிளேனா, ஷேர் ஆட்டோவா?" கிளம்பியதும் பேச்சு நின்றுவிட்டது. வலப்பக்க ஜன்னலில் பனிமலை, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. கீழே மலைச்சரிவில் வளைந்து வளைந்து ஒரு நூல் போகிறது, அதுதான் சாலை. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தபடி வாய்க்குள் 'கோவிந்தா, கோவிந்தா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூப்பிட்டது பெருமாளையா, வீட்டில் இருக்கிறவரையா என்று இறங்கிய பிறகு கேட்டேன். "ரெண்டு பேரையுந்தான்" என்றார்.

பொக்காரா கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீட்டர் உயரம். ஜோம்சோம் இரண்டாயிரத்து எழுநூறு. இருபது நிமிடத்தில் அவ்வளவு ஏறிவிட்டோம். அங்கிருந்து முக்திநாத்துக்கு அடிவாரமான ராணிபவுவா ஊர் இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே.

ஜீப் நிறுத்தத்தில் ஓர் ஆச்சரியம். நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டு ஜீப் டிரைவர் ஒருவர் ஓடிவந்தார். "அக்கா, மெட்ராஸா? நான் வேலப்பன்சாவடில ஓட்டல்ல நாலு வருஷம் கீறேன்... இருந்தேன். பரோட்டா போட்டுகினு இருந்தேன்" என்றார். பெயர் தில் பகதூர். அக்காவுக்கு அவரை உடனே பிடித்துப் போய்விட்டது. மேலே கொண்டுபோய் விட்டு, மறுநாள் வரை கூடவே இருந்து, கீழே இறக்கிவிடுவது என்று பேசி முடித்தோம். இருபத்து நான்கு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். பத்து மணிக்கெல்லாம் ராணிபவுவாவில் தங்கும் விடுதிக்குப் போய்விட்டோம். எதிரே மலைமேல் கோயில் வளாகத்து மரங்கள் தெரிந்தன. நடந்தால் இருபது, இருபத்தைந்து நிமிடம்.

"இன்னிக்கே ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துடலாமாக்கா?" என்று கேட்டேன்.

"நாளைக்கி ஏகாதசி. குளிச்சிட்டுதான் மொதல்ல பாப்பேன்" என்றார்.

மதியமே அவருக்குத் தலை வலித்தது. எனக்கும் லேசாக வலித்தது. உயரம், எல்லோருக்கும் இருப்பதுதான் என்று இருவரும் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தோம். சாயங்காலம் அவர் எதையும் சாப்பிடவில்லை. தசமி, ஒருவேளைச் சாப்பாடுதான் என்றார். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தார்.

விடிந்ததும் புடவை கட்டிக்கொண்டு, மாற்றுத்துணிப் பையோடு முற்றத்துக்கு வந்தார். செருப்பை வலது இடது மாற்றிப் போட்டிருந்தார். நான் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "கவிதா, சோப்பு எடுத்துகினியா?" என்றார். கவிதா அவர் மகள். திருப்பூரில் இருக்கிறாள்.

"அக்கா, நான் ஸ்டெல்லா."

"தெரியும்டி" என்றார் எரிச்சலாக. இரண்டு அடி வைத்தார். குடித்துவிட்டு நடக்கிறவர் மாதிரி ஒருபக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மலைநோய் பற்றி நான் கிளம்பும் முன் படித்திருந்தேன். தலைவலி, வாந்தி வரை பொறுத்துப் பார்க்கலாம். ஆள் குழம்பினால், நடை தடுமாறினால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், அந்த நிமிடமே இறங்க வேண்டும் என்று இருந்தது. முற்றத்துக் கல் வரிசை மேல் ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலைத் தொடுகிற மாதிரி நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தார், நான் பிடித்தேன்.

விடுதிக்காரம்மா பூண்டு சூப் கொண்டுவந்தார். இதைக் குடித்தால் சரியாகிவிடும் என்று தில் பகதூர் மொழிபெயர்த்தார். வாசலில் குதிரைக்காரர்கள் வேறு, நடக்க வேண்டாம், குதிரையில் பத்தே நிமிடம் என்றார்கள். "எல்லாருக்கும் இப்டிதான் ஆவும்க்கா. நூறு பேரப் பாத்துட்டேன். சாமி பாத்துட்டு எறங்கிடலாம்" என்றார் தில் பகதூரும். அத்தனை பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் படித்தது சரியா, பயந்து எல்லாவற்றையும் கெடுக்கிறேனா என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. அக்கா கண் மலைமேலேயே இருந்தது.

"வேணாம். கீழே போறோம்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் குழப்பம் எதுவும் இல்லை. "இருவது நிமிசம்டி. அவ்ளோதான கீது? இவ்ளோ தூரம் வந்து வாசல்லேர்ந்து இட்டுகினு போறியே. உங்க வேளாங்கண்ணியா இருந்தா திரும்புவியா நீ?"

உண்மையில் அந்தக் கேள்விக்கு இன்றும் எனக்குப் பதில் தெரியாது. "அண்ணன்கிட்ட உங்களை முழுசா ஒப்படைக்கணும்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் சுவரோடு உட்கார்ந்துவிட்டார். நானும் தில் பகதூரும் இரண்டு பக்கமும் தோளைத் தாங்கி ஜீப்பில் ஏற்றினோம். அவர் திமிறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜோம்சோம் மருத்துவமனை சிறியது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்தார். இறங்கியது நல்லது, ஆனால் இந்த உயரமும் போதாது, இன்று மாலைக்குள் இன்னும் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்குங்கள், இந்த முறை மறுபடி மேலே ஏறவே கூடாது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நான் விமான நிலையத்துக்கு ஓடினேன். எங்கள் டிக்கெட் மறுநாளைக்கு. இன்றைக்கு இரண்டு இடம் கிடைக்குமா என்று கெஞ்சினேன். கடைசி விமானம் நிரம்பிவிட்டது. யாரையாவது கேட்டுப் பார்க்கிறோம் என்று அங்கிருந்த ஊழியர் உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் புழுதி கிளம்பியது, கட்டடத்து மேலே கட்டியிருந்த கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அந்த விமானம் ஏறிப் போவதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இருபது நிமிடத்தில் அது எண்ணூறு மீட்டருக்கு இறங்கிவிடும்.

மறுநாள் காலை வரை காத்திருக்கலாம். மேகம் வந்தால்? சாலை வழியாகப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். தில் பகதூர் ஜீப் உரிமையாளருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, "ஏறுங்க அக்கா, நானே இட்டுகினு போறேன்" என்றார். கையடக்க ஆக்சிஜன் குப்பி ஒன்றை மருத்துவமனையில் வாங்கிக்கொண்டு பத்தரைக்குக் கிளம்பினோம்.

இந்தச் சாலையைப் பற்றி விவரமாக எழுத எனக்கு ஞாபகம் போதாது. பாதி நேரம் அக்கா முகத்தையும் மீதி நேரம் போனில் உயரம் காட்டும் எண்ணையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பாவில் ஆப்பிள் தோட்டங்கள், வெள்ளையடித்த கல்வீடுகள். காலோபானி வரை ஓரளவு தார். அதற்குப் பிறகு பாறையும் சேறும். ஓர் அருவி சாலைமேலேயே விழுந்து ஓடுகிறது, அதற்குள்ளேயே வண்டி போகிறது. அக்கா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அரை மணிக்கு ஒருமுறை பேரைக் கேட்டேன், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினார்.

காஸா என்ற ஊருக்குள் நுழையும்போது எண் இரண்டாயிரத்தைத் தொட்டது. மரங்கள் அடர்த்தியாகத் தொடங்கின. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து வெளியே பார்த்தார்.

"பசிக்கிது" என்றார்.

தில் பகதூர் உடனே ஒரு கடை முன்னால் நிறுத்தினார். நான் இறங்கப் போனேன். அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். "எங்கடி போற? இன்னிக்கி ஏகாதசி."

காலையில் என் பேர் தெரியாதவர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கீழே இறங்கிப் போய்க் கடைக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் வாங்கிவந்தேன். அதைச் சாப்பிடலாம் என்று அவரே அனுமதி கொடுத்தார்.

நான்கு மணி வாக்கில் தாதோபானி சேர்ந்தோம். ஆயிரத்து இருநூறு மீட்டர். வெந்நீர் ஊற்று இருக்கிற ஊர். அக்கா யார் கையையும் பிடிக்காமல் விடுதிப் படி ஏறினார். அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "நல்லாகீறேன்... இல்ல, பாக்கல... ஆமா, வந்துட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். அண்ணன் "நாலு நாள் ஆனாலும் பரவால்லம்மா, நிதானமா வாங்க" என்றார்.

மறுநாள் காலை எழுந்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பதறிப்போய் வெளியே ஓடினேன். விடுதிக்குக் கீழே ஆற்றங்கரைக் கற்கள்மேல் அக்கா நின்றிருந்தார். பக்கத்தில் தில் பகதூர். காளி கண்டகி சாம்பல் நிறத்தில் சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மேல கோயில்ல நூத்தியெட்டுத் தண்ணி உழுதே, அது எங்க போவுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அக்கா.

"கீழ வந்து காக்பேனி கிட்ட இந்த ஆத்துலதான்க்கா சேரும்."

"அப்போ இதுல கீது?"

"கீதுக்கா."

அக்கா ஓரமாக இறங்கி, முட்டியை மெல்ல மடக்கிக் குந்தி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டார். இரண்டு மூன்று முறை அள்ளியபின் குளிர் தாங்காமல் உடம்பு நடுங்கியது. நிறுத்தவில்லை. நான் பின்னாலேயே நின்று இடுப்பில் செருகியிருந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டேன், ஓட்டம் வேகமாக இருந்ததால். முடித்ததும் வடக்கே திரும்பிக் கைகூப்பினார். மலை மறைத்திருந்தது, எதுவும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கும்பிட்டார்.

துண்டால் தலையைத் துவட்டிவிட்டேன். அப்போது கேட்டார், "நேத்து உன்ன இன்னா இன்னா சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"சொன்னேன். ஞாபகம் கீது."

துவாதசி, விடுதியில் சூடான சோறும் பருப்பும் வந்தன. முதல் கவளத்தைப் பிசைந்து என் வாயில் ஊட்டிவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். அங்கிருந்து பொக்காரா நூறு கிலோமீட்டர் சொச்சம், ஐந்தரை மணி நேரம். தில் பகதூர் எங்களைப் பொக்காரா விடுதி வாசல் வரை கொண்டுவந்து விட்டுப் போனார்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. விமானத்தில் போவது தவறே இல்லை. காட்சிக்காகவே ஒருமுறை போகலாம். எங்களுக்கு ஒருவழிக் கட்டணம் தலைக்கு இந்திய ரூபாயில் ஆறாயிரத்தை ஒட்டி வந்தது; பருவத்துக்குப் பருவம் மாறும். பைக்கு எடை வரம்பு உண்டு, பத்துக் கிலோவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் மட்டும் எடுத்துப்போய்ச் சென்னையிலேயே திரும்பியவர்கள் உண்டு. ரத்தாகும் என்று எதிர்பார்த்து இரண்டு நாளாவது கூடுதலாக வையுங்கள். ஆனால் அந்த நாட்களை ஜோம்சோமிலோ மார்பாவிலோ தங்குகிற இரவிலிருந்து வெட்டாதீர்கள். நான் செய்தது அதைத்தான். விமானம் உங்களை இருபது நிமிடத்தில் ஏற்றிவிடும். உங்கள் ரத்தத்துக்கு அந்த வேகம் கிடையாது. ராணிபவுவாவில் முதல் நாளே தூங்காதீர்கள். ஐம்பது தாண்டியவர்கள் கிளம்பும் முன் தங்கள் டாக்டரிடம் மலைப்பயணத்துக்கான மாத்திரை பற்றிக் கேட்டுவிடுங்கள். கூட வருகிறவர் பேச்சு குழம்பினால், நடை தடுமாறினால், எந்தக் கோயில் எவ்வளவு அருகில் இருந்தாலும், யார் என்ன சொன்னாலும் இறக்கிவிடுங்கள். திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஊர் திரும்பிய மறுவாரம் அக்காவோடு அண்ணனூரிலிருந்து திருநின்றவூருக்கு லோக்கலில் போனேன். கோயில் வாசலில் பூக்கடைக்காரம்மா பிடித்துக்கொண்டார். "இன்னா விஜயா, முக்திநாத்து போய் வந்தியாமே? சேவ நல்லா ஆச்சா? எத்தினியாவது இது?"

ஆற்றில் குளித்ததைச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அது இன்னும் ஆவல. வாசல் வரைக்கும் போனேன், ஒடம்பு முடியல, எறங்கிட்டேன்" என்றார். "பாக்காதத பாத்தேன்னு கணக்குல சேக்கக் கூடாது."

பூக்கடைக்காரம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "அய்யோ, அவ்ளோ தூரம் போயிட்டா?"

அக்கா பூவை வாங்கி எனக்குப் பாதி கிள்ளிக் கொடுத்தார். "தூரம் இன்னா தூரம்? அடுத்த வருசம் மெதுவா ரோட்லயே போறோம். அஞ்சு நாள் ஆனா ஆவட்டும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இன்னாடி, லீவு குடுப்பானா உங்க ஆபீஸ்ல?"

குடுப்பான்க்கா என்றேன்.